குரல் நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. வீரபாண்டிக்கு அப்பால் உள்ளே பிரிகிற ஒரு சாலை... இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற பனியன் கம்பெனிகள். அதையும் தாண்டினால் சோளம் அறுத்த வெற்றுக் காடு. ஆள் இல்லை. நாய்கூட இல்லை.

பேய் என்றால் நடு ராத்திரியில்தான் வரவேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நடு ராத்திரிக்கு எங்கே போவது? ராத்திரி ஷிப்ட் ஓடும். நிட்டிங் மெஷின் சுற்றும். பேயே வந்து காதுக்குள் கூப்பிட்டாலும், "பீஸ் எண்ணிட்டு இருக்கறன், அந்தப்பக்கம் போ" என்பான் நம் ஆள். ஊர் நிஜமாகவே வாயை மூடுவது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, காலையில் கறி எடுத்து, தின்று முடித்து, எல்லோரும் கவிழ்ந்து படுத்திருக்கிற நேரம். குண்டூசி விழுந்தால் கேட்கும். இந்தக் கதையில் விழுந்தது குண்டூசி இல்லை.

அந்தச் சாலையில் ஒரு குட்டியானை லோடு வண்டி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ரஷீத். நம் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஜமால் இருக்கிறான் அல்லவா, அவன் அக்காவைக் கட்டியவர். ஜமால் புளுகுவான், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் மச்சான் புளுகுகிற ஆள் இல்லை. பேசுகிற ஆளே இல்லை. இதைக்கூட அவர் தன் சம்சாரத்திடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அது ஜமாலுக்கு வந்து, அவனிடமிருந்து இங்கே வந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த மொட்டை மாடிக்குக் கீழே எல்லோரும் தூங்குகிறார்கள், கத்திச் சொல்ல முடியாது. அந்தக் கொசுவத்தியை இப்படித் தள்ளுங்கள்.

ரஷீத் குடும்பத்துக்குத் தொழில் பனியன் வேஸ்ட். கட்டிங்கில் மிஞ்சுகிற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, பிரித்து, நூல் மில்லுக்குப் போடுவார்கள். வாரம் ஆறு நாளும் அந்தத் தூசிக்குள் இருப்பார். ஏழாவது நாள் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாட்டு கேட்கிற கிறுக்கு. தானும் கேட்பார், மற்றவர் வீட்டிலும் போய் ஸ்பீக்கர் வைத்துக் கொடுப்பார். மூலையில் மாட்டுகிற சின்னப் பெட்டி இல்லை. தரையிலேயே நிற்கிற, நெஞ்சு உயரப் பெட்டி... ஜோடி ஜோடியாக வருமே, அது. ஞாயிறு மட்டும்தான் இந்த வேலை. மற்ற நாளில் ஊர்ச் சத்தத்துக்குள் எதை வைத்து எதைக் கேட்பது?

அதை வாங்கி வைக்கிற முதலாளிகளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் பூ ஜாடி வைப்பார்கள். ரஷீத் போய் முதலில் அந்தப் பூ ஜாடியைத்தான் எடுப்பார். பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து இழுப்பார். ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் கும்மென்று குமுறும், வார்த்தை புரியாது. அப்புறம் கழுத்தில் தொங்குகிற இஞ்சு டேப்பை எடுப்பார். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதே தூரம் கேட்கிறவர் நாற்காலிக்கும் இருக்கவேண்டும். பெட்டிகளின் முகம் கொஞ்சம் உள்ளே திரும்பி, நாற்காலியைப் பார்க்கவேண்டும். மேலே இருக்கிற சின்ன வட்டம் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வரவேண்டும். ஒரு விரற்கடை முன்னே, அரை விரற்கடை பின்னே... இப்படியே நகர்த்தி நகர்த்தி, இடம் கிடைத்ததும் டெய்லர் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிடுவார்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்று நடக்கும். பெட்டியிலிருந்து சத்தம் வருவதே தெரியாது. இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு ஆள் நின்று பாடுவது மாதிரி இருக்கும். ரஷீத் அதற்கு, "கொரல் நிக்குது" என்பார். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் நிற்கும். எழுந்து பக்கத்தில் போனால் இல்லை.

அந்த ஞாயிறு அவர் போன வீடு வேல்குமாருடையது. சின்னதாக ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கிறார். காட்டு நடுவே புதிதாகக் கட்டிய பெரிய வீடு. உயரமான ஹால், கருப்பு கிரானைட் தரை, ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். ஹாலுக்கு மேலேயே அவருடைய ஆபீஸ் அறை, கதவு ஹாலைப் பார்த்துத் திறக்கும். ஹாலின் ஓரத்தில் சமையல்கட்டு.

ரஷீத் உள்ளே போய், ஹால் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். எந்த வீட்டிலும் அதுதான் முதல் வேலை. தட்டியது திரும்பித் தட்டியது... ஒரு தடவை, இரண்டு தடவை. காலி வீட்டில் அப்படித்தான் இருக்கும்.

"ஊட்ல யாருமில்லீங்களாண்ணா?"

"இல்லீங்க பாய். நான் மட்டுந்தான்."

சம்சாரம் கிருத்திகா போய்ச் சேர்ந்து நான்கு மாதம். ஒரே பெண் அனுப்பிரியா, ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஹாஸ்டலில் போன் கிடையாது. வாரம் ஒரு தடவை அவர்களே போட்டுக் கொடுக்கிற போனில் அவள் அப்பாவிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அம்மா குரல் உங்கள் போனில் ஏதாவது இருக்கிறதா என்று. லீவுக்கு வந்தால் கேட்கவேண்டுமாம். அம்மா எப்படிப் பேசுவாள் என்பதே மறந்து போகிற மாதிரி இருக்கிறதாம்.

வேல்குமார் அதற்காகத்தான் இந்த ஜோடிப் பெட்டியை வாங்கினார். போனைக் காதில் வைத்துக் கேட்டால் போன் மாதிரிதான் இருக்கும். இதில் ஆளே நிற்கிற மாதிரி இருக்கும் என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிஜம்தான், அது பொய் இல்லை. பெண் வருவதற்குள் தாய் அங்கே நிற்கவேண்டும். அதுதான் ரஷீத்துக்குக் கொடுத்த வேலை.

இதையெல்லாம் வேல்குமார் சொன்ன விதம்தான் ரஷீத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. துணி ரேட் சொல்வது மாதிரி சொன்னார். முகத்தில் எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அப்படி ஒரு முகம்.

"எனக்கு அழுகையே வர்லீங்க பாய். சாவுக்கு வந்தவங்க எல்லாம் என் மூஞ்சியவே பாத்தாங்க. நானும் வரும் வரும்னு பாத்தேன். வர்லீங்க."

ரஷீத் இஞ்சு டேப்பைச் சுருட்டினார்.

"அந்தாங்க... சமையல்கட்டு வாசப்படியிலதான் உழுந்து கெடந்தா. சாயங்காலம். நான் மேலதான் இருந்தேன், போன்ல இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலீங்க. கொழம்பு அடிபுடிச்ச வாசம் மேல வந்துது. அப்பறந்தான் எறங்கி வந்தேன்."

யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"உழுந்த ஒடனே உசுரு போயிருச்சு, அம்மாவுக்கு ஒரு வலியும் தெரிஞ்சிருக்காதுன்னு பாப்பாகிட்டச் சொல்லியிருக்கறேன்."

டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று ரஷீத் கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

வண்டியில் கொண்டுவந்திருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகளை இறக்கினார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. நான்கு மூலையிலும் மூட்டையை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டால் எதிரொலியை அப்படியே குடித்துவிடும். அடுக்கி முடித்து மறுபடி கை தட்டினார். தட்டியது தட்டிய இடத்திலேயே செத்தது. அந்த வீட்டுக்கே காது அடைத்த மாதிரி இருந்தது. புதுத் துணி வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் மட்டும்.

"நீங்க கேட்டுப் பழகுன கொரல் ஏதாச்சும் குடுங்ணா. பாட்டுல தப்புத் தெரியாது. பழகுன கொரல்ல ஒடனே தெரிஞ்சிரும்."

வேல்குமார் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் கிருத்திகா அனுப்பிய ஒரு வாய்ஸ். போனில் பேசுவதற்கும் இதற்கும் வித்தியாசம் அந்த அம்மாவுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. எதிரில் ஆள் இருக்கிறார் என்று நினைத்துத்தான் ஆரம்பிப்பாராம், ஒவ்வொரு தடவையும்.

"ஏனுங்க... கேக்குதுங்களா? மூலனூர்ல இருந்து எங்கப்பா முருங்கக்கா குடுத்து உட்டிருக்காங்க. நீங்க பாட்டுக்கு வர்றப்ப காய் வாங்கிட்டு வந்துராதீங்க."

அவ்வளவுதான் அந்த வாய்ஸ். ரஷீத் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். வேல்குமாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பெட்டிகளை நகர்த்தினார். குரல் முதலில் இடது பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு வலதுக்குத் தாவியது. அப்புறம் கலங்கி ஹால் முழுக்கப் பரவியது. மூச்சு வாங்கத் தள்ளினார். பெட்டி ஒவ்வொன்றும் முக்கால் மூட்டை அரிசிக் கனம். கடைசியில் ஒரு விரற்கடை... வேல்குமார் கையைத் தூக்கினார்.

ரஷீத் போய் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து கேட்டார்.

நின்றது. இரண்டு பெட்டிக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஒரு பெண் நிற்கிற உயரத்தில்... முருங்கைக்காய் வந்ததைச் சொல்லிக்கொண்டு கிருத்திகா நின்றாள். எத்தனையோ வீட்டில் குரலை நிற்கவைத்தவர் அவர். ஆனால் அங்கெல்லாம் நின்றவர்கள் பாடகர்கள். 

"நல்லா இருக்குங்களாண்ணா?"

"இருக்குதுங்க."

வேல்குமார் அழவில்லை. கண்கூட ஈரமாகவில்லை. ரஷீத் சாக்கால் தரையில் கோடு போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வாரத்தின் நடுவில் போன் வந்தது. கோடவுனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார் ரஷீத்.

"பாய்... கொரல் நிக்க மாட்டேங்குதுங்க."

"எந்தப் பக்கம் சாஞ்சிருச்சுங்ணா? லெப்ட்டா, ரைட்டா?"

"கீழ போயிருச்சுங்க."

ரஷீத்துக்குப் புரியவில்லை. குரல் இடதுபுறம் போகும், வலதுபுறம் போகும். கீழே எப்படிப் போகும்? சரி, ஞாயிறு வருகிறேன் என்றார்.

போய்ப் பார்த்தால் சாக் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது. பெட்டிகள்தான் அங்கே இல்லை. இரண்டும் ஒரு முழம் தள்ளி நின்றன. முகமும் திரும்பியிருந்தது... இரண்டும் நாற்காலியை விட்டுவிட்டு, ஹால் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க நகத்துனீங்களாண்ணா?"

"இல்லீங்க. காலைல எந்திரிச்சு வந்தா இப்படித்தான் இருக்குதுங்க. நானும் நேராத் திருப்பிப் பாத்தேன். மறுபடி இப்படித்தான்."

ரஷீத் பயப்படவில்லை. கிரானைட் வழுக்கும், அடிச்சத்தம் அதிர்கிற அதிர்வில் பெட்டி தானாக நகர்வது உண்டு. தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொண்டார். ஒரு முழம் நகருமா என்பதை மட்டும் யோசிக்கவில்லை. இவ்வளவு கனமான பெட்டி இழுபட்டிருந்தால் பளபளப்பான தரையில் ஒரு கீறலாவது விழுந்திருக்கவேண்டும். குனிந்து, கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். கீறல் இல்லை. அதைப் பற்றியும் யோசிக்கவில்லை. மனிதனுக்கு யோசிக்கக் கூடாது என்றால் நன்றாகவே யோசிக்காமல் இருக்கத் தெரியும்.

பெட்டிக் கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டினார். மறுபடி குரலை நிற்கவைத்தார். புதுக் கோடு போட்டார். கிளம்புகிறபோது வேல்குமார் வாசல்வரை வந்தார்.

"நான் மேலதான் இருந்தேன் பாய். ஒரு சத்தமும் கேக்கலீங்க."

போன வாரம் சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு.

மூன்றாவது ஞாயிறு. அதே இரண்டரை மணி, அதே சாலை. இந்தத் தடவை ரஷீத் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினார். அடுத்த வாரம் பெண் வருகிறாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

வேல்குமார் வாசலிலேயே நின்றார். "நீங்க பாத்துட்டு இருங்க பாய். மெஸ்ல சாப்பாடு வாங்கிட்டு வந்தர்றேன். ஊட்ல அடுப்புப் பத்தவெச்சு நாளாச்சு." பைக் சத்தம் தேய்ந்து, நின்று, ஒன்றுமே இல்லாமல் போனது.

ரஷீத் உள்ளே போனார்.

பெட்டிகள் மறுபடி திரும்பியிருந்தன. ஆனால் இப்போது இன்னொன்றும் நடந்திருந்தது. பெட்டியின் அடியில் நான்கு கால்கள் இருக்கும். உயரம் கூட்டிக் குறைக்கத் திருகு கால். பின்னால் இருக்கிற இரண்டையும் யாரோ முழுக்கத் திருகி வெளியே இழுத்திருந்தார்கள். அதனால் இரண்டு பெட்டியும் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் சாய்ந்து... தரையில் எதையோ குனிந்து பார்ப்பது மாதிரி நின்றன. அந்தத் திருகை ஆள் கையால் திருப்ப முடியாது, ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் ரஷீத்தின் பையில் இருந்தது.

ரஷீத் வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்காது. இதைச் செய்தது யாரோ, ஏனோதானோவென்று செய்யவில்லை. இரண்டு பெட்டிக்கும் சாய்வு ஒன்றுபோல் இருந்தது. திருப்பமும் ஒன்றுபோல் இருந்தது. யாருக்கோ கேட்பதற்காகத்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் எந்த இடத்துக்கு?

இஞ்சு டேப்பை எடுத்தார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே அளந்தார். அதே அளவை இடது பெட்டியிலிருந்து, அது பார்க்கிற திசையில் இழுத்தார். சாக்கால் ஒரு புள்ளி வைத்தார். வலது பெட்டியிலிருந்து இழுத்தார். டேப்பின் நுனி அதே புள்ளியில் போய் நின்றது.

சமையல்கட்டு வாசற்படி.

அங்கே நாற்காலி இல்லை, பாய் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் தரை. பெட்டியின் சாய்வைப் பார்த்தால் காது இருக்கவேண்டிய உயரமும் தெரிந்தது. அங்கே நிற்கிறவருக்கு இல்லை. உட்கார்ந்திருப்பவருக்கும் இல்லை.

ரஷீத் பிஸ்மி சொன்னார். பிறகு போய், அந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

கிரானைட் சில்லென்று இருந்திருக்கவேண்டும். இல்லை. யாரோ இவ்வளவு நேரம் படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி, கன்னம் படுகிற அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பு.

முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு வாசம் வந்தது. முருங்கைக்காய்க் குழம்பு... கொதித்து, வற்றி, அடிபிடிக்க ஆரம்பிக்கிற வாசம். படுத்தபடியே சமையல்கட்டைப் பார்த்தார். அடுப்பின் மேல் பாத்திரமே இல்லை. திட்டில் தூசி படிந்திருந்தது.

அப்புறம் சத்தம். பெட்டியிலிருந்து வருவது தெரியவில்லை. குரல் நின்றது. அவ்வளவு துல்லியமாக ஒரு குரல் நின்று அவர் ஆயுசில் கேட்டதில்லை. கீழே, ஹாலில் இல்லை. மேலே நின்றது. ஆபீஸ் அறைக் கதவுக்குப் பின்னால். நாற்காலி ஒன்று கிரீச்சென்று திரும்பியது. ஒரு ஆண் குரல் சிரித்தது. வேல்குமாரின் குரல். ஆனால் ரஷீத்துக்குத் தெரிந்த குரல் இல்லை அது, உயிர் இருக்கிற குரல்.

"...இல்லீங்க, நீங்க சொல்லுங்க. ஒண்ணுமில்லீங்க. ஊட்ல ஏதோ சாமான் உழுந்துருச்சு. அது கெடக்குதுங்க... நீங்க சொல்லுங்க."

மறுபடி சிரிப்பு. ஷிப்மெண்ட் பேச்சு. கலர் பேச்சு. கட்டை விரலால் மேஜையில் தாளம் போடுகிற சத்தம். பேச்சு நிற்கவே இல்லை, நீண்டுகொண்டே போனது. குழம்பு வாசம் தடித்துக்கொண்டே வந்தது. இங்கே படுத்துக் கிடந்தவளுக்கு இது முழுக்கக் கேட்டிருக்கிறது. விழுந்த உடனே போன உயிருக்கு இதெல்லாம் கேட்காது. ரஷீத்துக்கு அது புரிந்தபோது எழ நினைத்தார். கை கால் அசையவில்லை.

அப்போது, அவர் காதுக்கு ஒட்டி, தரையோடு தரையாக, மூச்சு மட்டும் இருக்கிற ஒரு பெண் குரல்.

"ஏனுங்க... கேக்குதுங்களா..."

ரஷீத் எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் நின்றிருந்தது. வாசமும் இல்லை. அவர் கண் போனது பெட்டிகளுக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிபயருக்கு. அதன் விளக்கு எரியவில்லை. பிளக் சுவரிலிருந்து கழற்றி, ஒயர் சுருட்டி, பெட்டி மேல் வைத்திருந்தது.

வாசலில் வேல்குமார் நின்றுகொண்டிருந்தார். கையில் மெஸ் பார்சல். எப்போது வந்தார், பைக் சத்தம் ஏன் கேட்கவில்லை, தெரியாது. ரஷீத் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேட்டுதுங்களா பாய்?"

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவரும் அங்கே படுத்துப் பார்த்திருக்கிறார். ரஷீத் அந்த இடத்தை விட்டு எழுந்தார்.

"இல்லீங்ணா," என்றார் ரஷீத். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

வேல்குமார் தலையாட்டினார். பார்சலைத் தரையில் வைத்தார். கோபம் இல்லை, பயம் இல்லை, அந்த மரத்துப் போன முகம் அப்படியே இருந்தது.

"பாப்பா அடுத்த வாரம் வர்றா. ஊட்டுக்கு வந்தா அவ எப்பவும் அங்கதானுங்க படுப்பா. அவங்கம்மா சமைக்கறதப் பாத்துட்டே படுத்திருப்பா. சின்னதுல இருந்து அப்படித்தான்."

"இந்தப் பொட்டி உங்களுக்கு வேண்டாங்ணா. நான் எடுத்துட்டுப் போயர்றேன்."

"எடுத்துக்குங்க."

ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. இரண்டு பேருமாகத்தான் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மூட்டைகளையும் ஏற்றினார்கள். கடைசியாக ரஷீத் ஒரு ஈரத்துணியை வாங்கி, தரையில் இருந்த சாக் புள்ளியைத் துடைத்தார். துடைத்த பிறகும் அந்த இடத்தை மிதிக்காமல்தான் சுற்றி வெளியே வந்தார்.

பெட்டிகள் அவர் கோடவுனில் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே, முகம் சுவரைப் பார்த்தபடி இன்றைக்கும் நிற்கின்றன. நகரவில்லை. விற்கவும் இல்லை. ரஷீத் மாறிவிட்டார் என்று ஜமாலின் அக்கா சொல்கிறார். அடுப்பங்கரையில் ஒரு டம்ளர் விழுந்தால் போதும், சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடிவந்து நிற்கிறாராம். முதலில் சிரிப்பாக இருந்ததாம். இப்போது அக்காவும் சிரிப்பதில்லை.

சிரிக்காததற்குக் காரணம் பெட்டிகளை எடுத்து வந்ததற்கு அடுத்த ஞாயிறு வந்த ஒரு போன். மத்தியானம்தான். ஊர் அடங்கிக் கிடந்த நேரம். ரஷீத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். ஜமாலின் அக்காவும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் இது இரண்டு பேர் காதால் கேட்டது.

"பாய்... பொட்டி இல்லாமயே நிக்குதுங்க."

வேல்குமார் பேசியது அதே குரலில்தான், துணி ரேட் சொல்கிற குரல்.

"என்னங்ணா சொல்றீங்க?"

"பாப்பா வந்துட்டா. சாப்புட்டுட்டு அங்கதான் படுத்திருக்கறா. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கறேன். இப்ப கேக்கறா பாய்... 'அப்பா, மேல ரூம்ல யாருங்ப்பா? உங்களாட்டவே பேசறாங்க. ஏதோ சாமான் உழுந்துருச்சுங்கறாங்க'ன்னு."

ரஷீத்தின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.   காலி ஹாலின் அமைதி மட்டும் போன் வழியாக வந்துகொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் தூரத்திலிருந்து, தூக்கக் கலக்கத்தில், அந்தப் பெண்ணின் குரல்.

"அப்பா... அம்மா கூப்புடறாங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

வேல்குமாரின் குரல் போனை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

"இல்ல கண்ணு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."